இப்பகுதி இயங்காது

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தது. விழுந்த அரை மணி நேரத்துக்குள் என் அத்தை அதைத் துடைத்துப் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். அதிலும் அப்பா, அன்றைக்கு அந்தப் பக்கமே வராதவர், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கடைசி என்றால் கடைசிதான். எங்கள் வயலுக்கு அப்புறம் வாய்க்காலே கிடையாது. காவிரித் தண்ணீர் மேட்டூரில் புறப்பட்டு, கல்லணையில் பிரிந்து, ஆறாகி, வாய்க்காலாகி, ஊர் ஊராக வயலுக்குள் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் எங்களை வந்து எட்டிப் பார்க்கும். இதற்குக் கடைமடை என்று பெயர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருக்கிற ஊர் தலைமடை. அந்தத் தலைமடை ஊர்க்காரி ஒருத்தி என் வகுப்பிலேயே படித்தாள். அவள் அப்பாதான் பாசன சங்கத் தலைவர். முதல் மதகைத் திருகி ஏற்றி இறக்குகிற சாவி அவர்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

அவளும் நானும் பரம விரோதிகள். காரணம் தண்ணீர் இல்லை. தண்ணீரைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை? ஒரு பரீட்சையில் அவள் முதல் ரேங்க், அடுத்த பரீட்சையில் நான். அவ்வளவுதான் பகை. ஆனால் அது சாதாரணப் பகை இல்லை. அவள் தொட்ட சாக்பீஸை நான் தொடமாட்டேன்.

இனி அத்தை. அப்பாவுக்கு அக்கா, எங்களுக்கு அடுத்த வீடு. மாமா சிங்கப்பூரில் கட்டட வேலை. எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். மாமாவின் உழைப்பில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் வாங்கி, சொந்த வயலில் மண்வெட்டியோடு இறங்கிய முதல் ஆள் அத்தைதான். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் சொல்கிறேன் என்று என் காதோரம் குனிந்தாளானால் தெருமுனைக் கடைக்காரர் அதற்குப் பதில் சொல்வார்.

அந்தப் புரட்டாசியில் அத்தை சம்பாவுக்கு நேரடியாக விதைத்திருந்தாள். ஒரு தூறலில் முளைத்துவிட்டது. அதற்கப்புறம் வானமும் கைவிட்டது, வாய்க்காலும் கைவிட்டது. பயிர் ஒரு சாண் உயரத்தில் நின்று வெளுக்க ஆரம்பித்திருந்தது. தினமும் விடிகாலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போவாள், வெறும் காலில் புழுதியோடு திரும்புவாள். வீட்டில் பெரியவர்கள் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதாக நினைவில்லை. எனக்கு வேறு பெரிய விஷயம் இருந்தது. காலாண்டு லீவு முடிந்ததும் எங்கள் வகுப்பு சுற்றுலா போகிறது!

தஞ்சாவூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் அறிவியலும் இயற்கையுமாகச் சேர்த்து ஒரு மியூசியம். அங்கே வாசலில் பெரிய டைனோசர் நிற்குமாம், எலும்புக்கூடு சைக்கிள் ஓட்டுமாம். பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதால் அம்மாக்களும் ஆறு பேர் வரவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். என் அம்மா பேர் கொடுத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் பார்த்தால், அங்கன்வாடியில் லீவு கிடைக்கவில்லை, உன்னோடு அத்தை வருகிறாள் என்கிறாள். எனக்குத் தலையில் இடி விழுந்தது. விரோதி அவள் அம்மாவோடு வருகிறாள். அந்த அம்மா அதிர்ந்து பேசமாட்டார், கைப்பையும் கண்ணாடியுமாக டீச்சர் மாதிரியே இருப்பார். நான் யாரோடு போகிறேன் பாருங்கள்!

அத்தை தீபாவளிப் புடவையை எடுத்துக் கட்டி, தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி வந்து நின்றாள். பஸ்ஸில் ஏறியதும் நேரே போய் அந்தத் தலைமடை அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா ஒரு தரம் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நீடாமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அத்தை ஒரு டம்ளர் டீயை அவரிடம் நீட்டி ஏதோ ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குறதுங்க. எனக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் இடம் மாறி டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். விரோதி என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் மானம் நீடாமங்கலத்திலேயே கப்பலேறியது.

மியூசியத்தில் இறங்கியதும் அத்தையின் கண்ணுக்கு டைனோசர் தெரியவில்லை. ஏரிதான் தெரிந்தது. கரை தளும்ப நீலமாகக் கிடந்தது ஏரி. நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்தன. அத்தை கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இவ்வளவு தண்ணியையும் சும்மா பாக்குறதுக்கா வச்சிருக்காங்க?" என்று அவள் கேட்டது ஏரியின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி டைனோசரின் வாலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

உள்ளே இன்னும் மோசம். எங்களுக்கு விளக்கம் சொல்ல நீலச்சட்டை போட்ட ஓர் அண்ணன் மைக்கோடு வந்தார். எலும்புக்கூடு சைக்கிள் ஓட்டியது. அது எப்படி ஓட்டுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை குறுக்கே புகுந்து, இது ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டாள். மீன் தொட்டிகளுக்குப் போனோம். அவர் ஒவ்வொரு மீனுக்கும் வாயில் நுழையாத பெயர் ஒன்று சொன்னார். அத்தை பின்னாலேயே, இது விரால், இது கெளுத்தி, முள்ளு குத்துனா ரெண்டு நாளைக்கு வலிக்கும், இதுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா போடணும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதித் தொட்டியைத் தாண்டுவதற்குள் அண்ணனிடம் இருந்த கூட்டம் முழுக்க அத்தையிடம் வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்த அண்ணனும் மைக்கை இறக்கிவிட்டு அத்தை சொல்வதைத்தான் கேட்டார். டீச்சர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தோம். நடுவில் நாலு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்குக் காவிரிப் பாசனத்தின் மாதிரி வடிவம் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். ஒரு கோடியில் உயரத்தில் தொட்டி, அதுதான் மேட்டூர். அதிலிருந்து ஆறு. ஆற்றிலிருந்து வாய்க்கால். வாய்க்காலின் இரண்டு பக்கமும் நிஜமான களிமண்ணில் வரப்பு கட்டி, சின்னச் சின்ன வயல்கள். வயலுக்கு வயல் விரலகலத் தகரத்தில் ஒரு மதகு. மேலே இருந்த வயல்களுக்குத் தலைமடை என்று பலகை நட்டிருந்தார்கள், கடைசி வயலுக்குக் கடைமடை. சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது.

அண்ணன் பொத்தானை அழுத்தினார். மோட்டார் ஓடியது. மேட்டூரிலிருந்து தண்ணீர் சலசலவென்று இறங்கியது. பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்தினோம். தலைமடை வயல்கள் நிரம்பின, பளபளத்தன, தண்ணீர் வரப்பின் மேல் வழிந்து வடிகாலில் விழுந்து மறுபடி தொட்டிக்கே போனது. வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர் பாதி தூரம் வந்து, நூலாக இளைத்து, நின்றுவிட்டது. கடைமடை வயல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் இருந்ததை விரோதி சத்தமாகப் படித்தாள்.

"இப்பகுதி இயங்காது!"

படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏய், இது உங்க ஊருடி! நீங்க இயங்க மாட்டீங்களாம்!"

கேட்கவா வேண்டும்? நாற்பது பிள்ளைகளும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஒருத்தி உடனே, "இயங்காது, இங்க வாடி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி கூப்பிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் பத்தாவது முடிக்கிறவரை போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டுத்தலை என்று ஓர் அண்ணன் இருந்தான், அவன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எங்களுக்கு அவன் நிஜப் பெயரே தெரிந்தது. இனி பத்தாவது வரைக்கும் நான் இயங்காது! எனக்குக் காது இரண்டும் கொதித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அது ஒன்று போதும் அவர்களுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பாவம், பிள்ளைகளை அடக்கிவிட்டுச் சொன்னார். மோட்டாருக்குப் பவர் பற்றவில்லையாம், கடைசி வயல் வரைக்கும் தள்ளாதாம், புது மோட்டாருக்கு எழுதிப் போட்டிருக்கிறதாம். அவர் சொல்லி முடிக்கவில்லை, கயிறு ஆடியது. பார்த்தால் அத்தை கயிற்றைத் தாண்டி உள்ளே நிற்கிறாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியாகிவிட்டது.

"அம்மா, அம்மா, தொடக்கூடாதும்மா!"

"தம்பி, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. தலைமடை பூரா தொறந்து கெடக்கு, வழிஞ்சு வடிகால்ல ஓடுது. கடைமடைக்கு எங்கேருந்துப்பா தண்ணி வரும்? நீ அந்தப் பொத்தான மட்டும் விடாம அமுத்திக்கிட்டே இரு."

டீச்சர் வாயைத் திறந்தார். அத்தை அதற்குள் முதல் மதகை இறக்கியிருந்தாள். அந்தத் தகரம் துருப்பிடித்துத் தொளதொளத்துப் போயிருந்தது. விரலை எடுத்ததும் தண்ணீர் அதை நெட்டித் தூக்கிவிட்டது. இறக்கினால் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மதகு ஆறு, அத்தைக்குக் கை இரண்டு. அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் யாரையாவது கூப்பிடுவாள், என்னைக் கூப்பிடுவாள் என்று நான் முன்னால் வந்தேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க வாங்க. இந்த மொத மதகப் பிடிங்க."

தலைமடை அம்மாவைத்தான் கூப்பிட்டாள். போயும் போயும் விரோதியின் அம்மாவை! அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடமே அவரைப் பார்த்தது. அத்தை ஒரு விரலால் மதகை அழுத்தியபடி, "ஒரு அஞ்சு நிமிஷம்தாங்கக்கா" என்றாள். அத்தையின் குரல் அவ்வளவு இறங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த அம்மா கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். முதல் மதகின்மேல் விரலை வைத்தார்.

அப்புறம் மற்ற அம்மாக்களைச் சொல்லவேண்டுமா? எல்லோரும் வயல்காட்டுக்காரர்கள். ஆளுக்கு ஒரு மதகு பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது மதகை டீச்சரே பிடித்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு. அண்ணன் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. தலைமடை வயல்கள் நிரம்பியபடி அப்படியே நின்றன. வழிவது நின்றது. வாய்க்காலில் இளைத்துப்போய்க் கிடந்த நூல் கயிறானது, கயிறு கை அகலமானது. தண்ணீர் தலையை நீட்டிக்கொண்டு வந்தது.

பாதி வழி வந்ததும் மறுபடி நின்றது. பின்னால் யாரோ, "அதான் இயங்காதுன்னு எழுதியிருக்கே" என்றார்கள். அத்தை தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள்.

"நண்டு வளைடி! கரையில ஓட்டை இருக்கு, அதுல எறங்கிப் போவுது."

நண்டு எங்கே வந்தது அங்கே? மண் காய்ந்து விரிசல் விட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரையில் ஒழுகினால் அது நண்டு வளைதான். அத்தை வரப்பிலிருந்து ஒரு கிள்ளு களிமண்ணை எடுத்து, தண்ணீரில் தோய்த்துப் பிசைந்து, கட்டைவிரலால் விரிசலில் அடைத்து வழித்துவிட்டாள். மியூசியத்து வரப்பைப் பிய்த்தது பற்றி அவளுக்குக் கவலையில்லை. தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது, அப்புறம் முன்னால் நகர்ந்தது.

வந்தது பாருங்கள் தண்ணீர்! கடைசி வளைவில் திரும்பியது. அத்தை கடைமடை மதகை விரலால் தூக்கினாள். தண்ணீர் வெடிப்புக்குள் விழுந்தது. காய்ந்த களிமண் சுர்ரென்று குடித்தது. மண் வாசனை கூடம் முழுக்கக் கிளம்பியது. ஒரு வெடிப்பு மூடியது, இன்னொரு வெடிப்பு மூடியது, ஒட்டியிருந்த தாள் நனைந்து மேலே மிதக்க ஆரம்பித்தது. நான் கயிற்றுக்குள் பாய்ந்து அந்தத் தாளைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. தொண்டை கட்டிப்போனது மட்டும் தெரியும். நாற்பது பிள்ளைகளும் கைதட்டினார்கள். என்னை முதலில் இயங்காது என்று கூப்பிட்டவள்தான் பலமாகத் தட்டினாள். பக்கத்துக் கூடத்தில் டைனோசர் முட்டை பார்த்துக்கொண்டிருந்த வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் அண்ணனுக்கு நல்லது. எங்கள் பக்கத்தில் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்தால் பூப்போட்டுக் கும்பிடுவது வழக்கம். அத்தைக்குக் கை தானாகத் தலைக்குப் போனது. மல்லிகையும் கனகாம்பரமும் கொத்தாகப் பிய்ந்து வாய்க்காலில் விழுந்தன. விட்டுப் போகுமா? முதல் மதகை விடாத தலைமடை அம்மாவைத் தவிர, மற்ற அம்மாக்களும் மதகை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கிள்ளு பூவைப் போட்டுக் கும்பிட்டார்கள். பூ ஊர்வலமாக மிதந்து, வடிகாலில் இறங்கி, மோட்டார் இருந்த பொந்துக்குள் போனது. மோட்டார் கர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அண்ணனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மேட்டூரே நின்றுவிட்டது. அத்தை கொஞ்சமும் அசரவில்லை. சட்டெனக் கையை உள்ளே விட்டுத் துழாவி, கசங்கிய கனகாம்பரத்தை இழை இழையாக வெளியே எடுத்தாள். "இப்ப போடு தம்பி" என்றாள். போட்டார். ஓடியது. அதற்கும் ஒரு கைதட்டல். அண்ணன் சிரித்துவிட்டார். மூன்று வருஷமாக அந்தத் தாளைத் தான் புதுசு புதுசாக எழுதி ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், இனிமேல் ஒட்டவேண்டியதில்லை என்றும் மைக்கிலேயே சொன்னார்.

எல்லோரும் கலைந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். அத்தை போகவில்லை. தலைமடை அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். நானும் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், அடுத்து நமக்கு என்ன பெருமை வருகிறது பார்ப்போம் என்று.

"உங்க வயலப் பாத்தீங்களாக்கா? இவ்வளவு நேரம் மதகு எறங்கிக் கெடந்துச்சு. ஒரு பொட்டு கொறையல."

அந்த அம்மா குனிந்து தலைமடை வயலைப் பார்த்தார். தண்ணீர் வரப்பு முட்ட அப்படியே நின்றது. நிறைய நேரம் பார்த்தார். ஈரமான விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "ம்" என்றார். நான் எதிர்பார்த்த பெருமை எதுவும் வரவில்லை.

அதற்கப்புறம் அத்தை செய்த காரியத்தை நான் எத்தனையோ வருஷம் மன்னிக்கவில்லை. என் கையிலிருந்த தாளை நைசாக உருவி எடுத்தாள். என் தாளை! நான் பாய்ந்து பிடுங்கிய தாளை! ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து ஊர் பூராவும் காட்டலாம் என்று நினைத்திருந்த தாளை! அதை நாலாக மடித்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கக்கா" என்றாள். அவர் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் வெற்றியின் ஒரே சாட்சி விரோதியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ராஜ மரியாதை. ஜன்னலோர சீட் கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலையே கொடுத்தாள். இயங்காது என்று யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயர் அந்தக் கூடத்திலேயே செத்துப்போயிருந்தது. விரோதிகூட வந்து, உங்க அத்தை சூப்பர்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு வாழ்க்கையில் கிடைக்காது. ஆனாலும் தாளை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அத்தை முன் சீட்டில் தலைமடை அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அந்த அம்மா கண்ணை மூடவில்லை. இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டே வந்தார்கள். அத்தை அவ்வளவு மெதுவாகப் பேசியதால் எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரியோடு கூடிக் குலாவுகிறாள் என்று நான் அன்றிலிருந்து அத்தையோடு பேச்சை நிறுத்தினேன்.

எனக்குத் தெரியாதவை எத்தனையோ இருந்தன. அம்மாவுக்கு அன்றைக்கு அங்கன்வாடியில் லீவு கிடைத்திருந்தது. தலைமடை அம்மா சுற்றுலாவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட அத்தைதான், அவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்காரலாமே என்று அம்மாவின் இடத்தைக் கெஞ்சி வாங்கியிருந்தாள். அதற்கு முன் மூன்று வாரம் அவர்கள் ஊருக்கு நடையாக நடந்திருக்கிறாள். மதகை இறக்கினால் தங்கள் வயல் காய்ந்துபோகும் என்பதையே அந்த வீட்டில் அவளுக்குத் திரும்பத் திரும்பப் பதிலாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் மானத்துக்காக அத்தை வரிந்து கட்டினாள் என்றுதான் நான் நினைத்தேன். அத்தை அன்றைக்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஒரே ஒருத்திக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தை விரோதியே பல வருஷம் கழித்துச் சொன்னாள். நாங்கள் இப்போது நல்ல சிநேகிதிகள். அவள் அம்மா வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தாளைக் காயவைத்து, மதகுச் சாவி தொங்குகிற ஆணிக்குக் கீழே ஒட்டினாராம். சாவியை எடுக்கப் போகிறபோதெல்லாம் அது அவள் அப்பாவின் கண்ணில் பட்டிருக்கிறது. இது என்ன என்று கேட்டிருக்கிறார். நாலு நாளைக்கு மதகை இறக்குங்க, அப்புறம் சொல்றேன் என்றாராம் அவள் அம்மா. அந்த வீட்டில் அந்த அம்மா அப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

சுற்றுலா போய்வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், ஒரு சனிக்கிழமை காலையில் தெருவே வயல் பக்கம் ஓடியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் நிறையச் செங்காவி நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அத்தை கெண்டைக்கால் அளவு தண்ணீரில் மண்வெட்டியோடு நின்று மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். வெளுத்துப்போன பயிருக்கு நடுவில் தண்ணீர் ஓடிப் பரவியது. அத்தை சிரித்தாள், அழுதாள், யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும், "எறங்குடி! நம்ம வயல்ல எறங்குடி!" என்று கத்தினாள்.

நான் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. பன்னிரண்டு நாள் மௌனத்தை அங்கேதான் முறித்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, அந்தத் தாளை எப்ப வாங்கித் தருவே?" என்று கேட்டேன்.

அத்தை மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கெண்டைக்கால் வரை ஏறிவிட்ட அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு, எனக்கு வரவேண்டியது மட்டும் இன்னும் வரவில்லை என்று நான் அழுதேன்.